நாற்பது கிலோமீட்டரும் ஒரு முழங்காலும்

தைப்பூசத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையின் ஓரம் பச்சையாகிவிடும். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, கழுத்தில் மாலை, தோளில் காவடி அல்லது ஒரு துணிப்பை. ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் சீரியல் பல்பு சுற்றிய முருகன் படத்தோடு ஒரு சின்ன வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். முள்ளக்காட்டு உப்பளங்களைத் தாண்டி பழையகாயல், முக்காணி, தாமிரபரணிப் பாலம், ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம் என்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்கு அதைவிடக் கூடுதல். விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் குழுக்கள் நாள்கணக்கில் நடந்து வருகின்றன.

இந்தக் கூட்டத்தில் இளவட்டங்கள் மட்டும் இல்லை. வீட்டு மாடிப்படி ஏற முடியவில்லை என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்த ஆச்சிகள் இருக்கிறார்கள். முட்டி தேய்ந்துவிட்டதென்று எக்ஸ்ரே கவரோடு வீடு திரும்பிய அண்ணாச்சிகளும் இருக்கிறார்கள். அன்னதானப் பந்தலில் உட்கார்ந்ததும் கை தானாக முழங்காலுக்குப் போகிறது. தைலக் குப்பி கைமாறுகிறது. யாரோ ஒருவர் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுக்கிறார். "நடந்தா இன்னும் தேஞ்சிரும்லா?" என்கிறது ஒரு குரல். "நடக்காம கெடந்தாத்தான் புடிச்சிக்கிடும்" என்கிறது இன்னொன்று.

மருத்துவ உலகமும் வெகுநாள் இந்த இரண்டு கட்சியாகத்தான் பிரிந்து கிடந்தது. கடந்த முப்பது ஆண்டுகளில் நடையை அளக்கும் கருவிகள் பரவிய பிறகு, கேள்வியே வேறாகிவிட்டது. எத்தனை தூரம் நடந்தோம் என்பதைவிட, ஒவ்வொரு காலடியிலும் முழங்காலின் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் இறங்கியது, அந்தப் பாரத்துக்கு அந்தக் கால் பழகியிருந்ததா என்பதே இப்போது முக்கியம்.

ஒரு காலடியின் எடை

உயிரோடு இருக்கும் ஒருவரின் முழங்காலுக்குள் எவ்வளவு விசை விழுகிறது என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. பெர்லினில் உள்ள சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் உள்ளிருந்தே அளந்தார்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின்போது பொருத்தும் செயற்கை மூட்டுக்குள் உணர்கருவிகளை வைத்தார்கள். அவை உள்ளே விழும் விசையைக் கம்பியில்லாமல் வெளியே அனுப்பின. ஐந்து பேரிடம் அளந்த முடிவுகள் 2010-ல் வெளிவந்தன.

இரண்டு காலிலும் சமமாக நிற்கும்போது ஒரு முழங்காலில் விழும் விசை உடல் எடையின் 107 சதவீதம். எடை இரண்டாகப் பிரிந்தால் பாதிதானே விழ வேண்டும்? நிற்பதற்கே தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பும் மூட்டின் மேல்தான் விழுகிறது. சமதளத்தில் நடக்கும்போது இது 261 சதவீதம். நாற்காலியிலிருந்து எழும்போது 246. படி ஏறும்போது 316. படி இறங்கும்போது 346.

படி ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சுமை அதிகம். ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றமே கஷ்டம் என்று நினைக்கிறோம். இறங்கும்போது கீழே விழும் உடலைத் தொடையின் முன்தசை, மடங்கிய முழங்காலின் வழியாகத் தடுத்து நிறுத்துகிறது. திருச்செந்தூர் நாழிக்கிணற்றுக்குள் இறங்கும் படிகளில் வயதானவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய முழங்கால், பெர்லின் கருவி சொன்னதையே சொல்கிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சமதள நடையில் ஒவ்வொரு காலடியிலும் முழங்காலில் 156 கிலோ அளவுக்குப் பாரம் விழும். காலடிக்கு 65 சென்டிமீட்டர் என்று வைத்தால் 40 கிலோமீட்டருக்கு 61 ஆயிரத்துச் சொச்சம் அடிகள். ஒரு காலுக்கு 30 ஆயிரத்துக்கு மேல். வழக்கமாக நாளுக்கு 5,000 அடி நடப்பவர், பன்னிரண்டு நாள் வேலையை ஓர் இரவும் ஒரு பகலுமாக அந்த முழங்காலிடம் வாங்குகிறார்.

எடை குறைந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஸ்டீபன் மெசியர் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வு, எடை குறைத்த முழங்கால் நோயாளிகளின் நடையை அளந்தது. ஒரு கிலோ குறைந்தால் காலடிக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது என்பது அதன் முடிவு. 30 ஆயிரம் காலடிகளுக்கு அது 120 டன். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஐந்து கிலோ எடை குறைந்த பெண்களுக்கு, வலியோடு கூடிய மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்ததாக 1992-லேயே கண்டார்கள். தோளில் தொங்கும் பைக்கும் இதே கணக்குதான். உடையும் தண்ணீரும் குழு வண்டியில் வரட்டும். தேவையில்லாத ஒரு கிலோவைச் சுமந்து போவதில் முருகனுக்கு எந்த லாபமும் இல்லை.

பாரம் ஒரு பக்கமாகச் சாயும் கதை

முழங்காலுக்குள் பாரம் தாங்கும் தளங்கள் இரண்டு. இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் மற்றொன்று. தேய்மானம் பெரும்பாலும் உள்பக்கத்தைத்தான் முதலில் பிடிக்கிறது. காரணம் நடையிலேயே இருக்கிறது.

நடக்கும்போது பெரும்பாலான நேரம் ஒரு கால்தான் தரையில் இருக்கிறது. அந்த நேரத்தில் உடலின் எடை, ஊன்றிய காலுக்கு நேர் மேலே இருப்பதில்லை. நடுவில், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. பாதத்தை ஊன்றும்போது தரை நம்மைத் திருப்பித் தள்ளும் விசை பாதத்திலிருந்து அந்த நடுப்புள்ளியை நோக்கிச் சாய்வாக மேலே போகிறது. போகிற வழியில் முழங்காலின் மையத்தைத் தொடாமல், அதன் உள்பக்கமாகக் கடந்துவிடுகிறது.

காவடி தூக்கியவருக்கு இது எளிதாகப் புரியும். தண்டின் ஒரு முனையில் பாரம் கூடினால் அந்தப் பக்கம் தாழும். தாழாமல் இருக்க மறுமுனையைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் தண்டு சமமாகும். ஆனால் தோளில் இப்போது பாரமும் இருக்கிறது, கை அழுத்தும் விசையும் இருக்கிறது. முழங்காலிலும் அப்படியே. விசை உள்பக்கமாகப் போவதால் மூட்டு வெளிப்பக்கம் திறந்துகொள்ளப் பார்க்கிறது. அதைத் தடுக்க வெளிப்பக்கத் தசைகளும் தசைநார்களும் இழுத்துப் பிடிக்கின்றன. மொத்தப் பாரம் கூடுகிறது. அதில் பெரும்பங்கு உள்பக்கத்திலேயே விழுகிறது.

விசை எவ்வளவு, அது முழங்காலின் மையத்திலிருந்து எவ்வளவு விலகிப் போகிறது என்ற இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதை நடை ஆய்வாளர்கள் திருப்புவிசை என்கிறார்கள். 2002-ல் ஜப்பானில் மியாசாகி குழு வெளியிட்ட ஆய்வு நோயாளிகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. தொடக்கத்தில் இந்தத் திருப்புவிசை அதிகமாக இருந்தவர்களுக்குத் தேய்மானம் வேகமாக முன்னேறியது. அளவுகோலில் ஓர் அலகு கூடினால் ஆபத்து ஆறு மடங்குக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டு லீனா சர்மாவின் ஆய்வு, கால்கள் வில்லாக வெளியே வளைந்தவர்களுக்கு உள்பக்கத் தேய்மானம் பதினெட்டே மாதங்களில் முற்றும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று கண்டிருந்தது. தேய்ந்தால் கால் இன்னும் வளைகிறது. வளைந்தால் விசை இன்னும் விலகுகிறது. விலகினால் இன்னும் தேய்கிறது. முட்டிவலி ஒரு கட்டத்துக்குப் பிறகு மளமளவென்று கூடுவதற்கு இந்தச் சுழலும் ஒரு காரணம்.

ஆச்சியின் ஆட்டமும் அமெரிக்க ஆய்வுக்கூடமும்

முட்டி வலிக்கிற ஆச்சி ஒருவர் கோயில் பிரகாரத்தில் நடப்பதைப் பின்னாலிருந்து பாருங்கள். வலது கால் ஊன்றும்போது உடல் வலப்பக்கம் சாய்கிறது. இடது கால் ஊன்றும்போது இடப்பக்கம். ஆடி ஆடி நடக்கிறார் என்று வீட்டில் பேரப்பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். அந்த ஆட்டம் உடல் தானே கண்டுபிடித்த வைத்தியம். ஊன்றிய காலின் பக்கம் உடம்பைச் சாய்த்தால் எடையின் நடுப்புள்ளி அந்தக் காலுக்கு மேலே வருகிறது; தரையின் விசை முழங்காலின் மையத்துக்கு நெருங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2008-ல் ஆரோக்கியமானவர்களை இப்படி வேண்டுமென்றே நன்றாகச் சாய்ந்து நடக்க வைத்து அளந்தபோது, திருப்புவிசை சுமார் 65 சதவீதம் குறைந்தது. ஆச்சி இதற்கு வேறு இடத்தில் விலை கொடுக்கிறார்: முதுகுக்கும் இடுப்புக்கும் வேலை கூடுகிறது, நீண்ட தூரத்துக்கு மூச்சும் அதிகம் வாங்குகிறது.

கைத்தடியும் இதே வேலையைக் குறைந்த செலவில் செய்கிறது; சரியான கையில் பிடித்தால். வலிக்கிற கால் வலது என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை ஊன்றும் அதே நேரத்தில் இடது கைத் தடியும் தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் நடுவில் தொங்கும் எடையைத் தடி எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்குகிறது. வலிக்கும் காலின் பக்கமே தடியை ஊன்றுவது பலருக்குப் பழக்கம்; அதில் இந்தப் பயன் கிடைப்பதில்லை. பிரேசிலில் 64 நோயாளிகளிடம் நடந்து 2012-ல் வெளிவந்த ஆய்வில், இரண்டு மாதம் தினமும் கைத்தடி பிடித்து நடந்தவர்களுக்கு வலி குறைந்தது. தடி பிடித்தால் கிழவனாகிவிட்டோம் என்ற கூச்சம் ஊரில் உண்டு. பாதயாத்திரையில் கையில் வேல் பிடித்து நடப்பவரைப் பார்த்து யாரும் அப்படி நினைப்பதில்லை.

இன்னும் நுட்பமான ஒரு மாற்றம் பாதத்தின் கோணம். கால்விரல்களைச் சற்று உள்நோக்கித் திருப்பி நடந்தாலோ, வெளிநோக்கித் திருப்பி நடந்தாலோ, தரை விசை போகும் பாதை மாறுகிறது. ஒருவருக்கு உள்ளே திருப்புவது நல்லது, இன்னொருவருக்கு வெளியே, சிலருக்கு எதுவுமே உதவாது. எல்லோருக்கும் ஒரே கோணத்தைச் சொல்லிக்கொடுத்த பழைய ஆய்வுகள் தெளிவான பலன் காட்டாததற்கு இது ஒரு காரணம்.

ஸ்காட் உல்ரிச் குழு அமெரிக்காவில் நடத்தி 2025-ல் லான்செட் ருமாட்டாலஜி இதழில் வெளியிட்ட ஆய்வு இதைச் சரிசெய்தது. 68 பேர். ஒவ்வொருவரின் நடையையும் அளந்து, எந்தப் பக்கம், 5 டிகிரியா 10 டிகிரியா என்று தனித்தனியாக முடிவு செய்தார்கள். கணுக்காலுக்கு மேலே கட்டிய சிறு அதிர்வுக் கருவி, கோணம் தவறும்போதெல்லாம் அதிர்ந்து நினைவூட்டியது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே கருவி, அதே பயிற்சி. ஆனால் அவர்களுடைய இயல்பான கோணத்திலேயே நடக்கச் சொன்னார்கள். ஆறு வாரப் பயிற்சி. ஓராண்டு கழித்துச் சோதனை. கோணம் மாற்றியவர்களுக்கு மற்றவர்களைவிட வலி கூடுதலாகக் குறைந்தது. கடைகளில் சீட்டின்றி வாங்கும் வலி மாத்திரைக்குக் குறையாத பலன் அது. எம்ஆர்ஐ படத்தில் குருத்தெலும்பு சீர்கெடும் வேகமும் குறைந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து விரலை உள்ளே திருப்பி நடக்க ஆரம்பித்துவிடாதீர்கள். தவறான பக்கம் திருப்பினால் சுமை கூடும். அளந்து பார்க்காமல் இந்த மருந்து இல்லை.

வெறுங்காலும் கடற்கரை மணலும்

யாத்திரை வெறுங்காலோடு என்பது பலருடைய நேர்த்தி. அறிவியல் இதில் என்ன சொல்கிறது? சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் நாஜியா ஷகூர், ஜோயல் பிளாக் இருவரும் 2006-ல் 75 நோயாளிகளின் நடையை, அவர்கள் தினமும் போடும் ஷூவோடும் வெறுங்காலோடும் அளந்தார்கள். வெறுங்காலில் முழங்காலின் திருப்புவிசை ஏறக்குறைய 12 சதவீதம் குறைவு. பாதம் தரையை உணரும்போது நடை மிருதுவாகிறது, காலடி சிறிதாகிறது என்பது ஒரு விளக்கம். குதிகால் உயர்ந்த செருப்பு இதற்கு நேரெதிர். முழங்காலுக்குச் சுமையைக் கூட்டுகிறது என்று 1998-லேயே தெரிந்துவிட்டது.

வெறுங்கால்தான் வைத்தியம் என்று முடித்துவிடலாமென்று தோன்றும். ஆனால் 2021-ல் ஆஸ்திரேலியாவில் 164 பேரிடம் நடந்த ஆய்வு வேறு மாதிரிப் பேசியது. ஒரு பாதிக்கு, வெறுங்காலைப் போலவே மெல்லிய, வளையும் செருப்பு. மறுபாதிக்குக் கெட்டியான, பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஷூ. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நடக்கும்போது வரும் வலி கெட்டியான ஷூ போட்டவர்களுக்கே அதிகம் குறைந்திருந்தது. அதேபோல் 2011-ல் 200 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், திருப்புவிசையைக் குறைக்கவென்றே செய்த சரிவான உள்ளங்கால் தட்டு, சமமான சாதாரணத் தட்டைவிட எந்தப் பலனும் தரவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஓர் எண் குறைவதும் வீட்டில் வலி குறைவதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை: தை மாத நண்பகல் தார் சாலையில் வெறுங்கால் அவர்களுக்குப் பெரிய ஆபத்து.

கடற்கரைக்கு வருவோம். திருச்செந்தூர் வந்ததும் எல்லோரும் முதலில் போவது கடலுக்கு. உலர்ந்த மணலில் கால் புதையப் புதைய நடக்கும்போது, கெட்டித் தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-ல் அளந்தார்கள். மணல் அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் தசைக்கு வேலை இரட்டிப்பு. நாற்பது கிலோமீட்டர் நடந்து தளர்ந்த தொடைத் தசை கடைசியில் அந்த மணலைக் கடக்க வேண்டியிருக்கிறது. அலை நனைத்து இறுகிய மணல் எளிது. இல்லாவிட்டால் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டுப் போகலாம். நீருக்குள் கதை தலைகீழ். இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் தாங்குகின்றன. மீதியைக் கடல் தாங்குகிறது. குளித்து எழுந்ததும் முட்டிவலி குறைந்ததுபோல் இருப்பதில் இதற்கும் பங்குண்டு. அலை காலை வாராத இடமாகப் பார்த்து இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

வலி எங்கே இருக்கிறது

இதுவரை பேசியதெல்லாம் பாரத்தைப் பற்றி. வலி வேறு கணக்கு. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. தேய்ந்தாலும் அதற்கு வலிக்காது. அதற்குக் கீழே உள்ள எலும்பு, மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வு, தசைநார்கள் இவற்றில்தான் வலி பிறக்கிறது. அதனால் படமும் வலியும் ஒத்துப்போவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தவர்களில் வலி இருந்தவர்கள், ஆய்வுக்கு ஆய்வு மாறி, 15 சதவீதத்திலிருந்து 81 சதவீதம் வரை. "ரொம்பத் தேஞ்சிருக்கு" என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் ஒரு வாக்கியம், அவ்வளவு வலியில்லாத ஒருவரைக்கூட வீட்டுக்குள் முடக்கிவிடும்.

வலிக்கும் நடைக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டிலிருந்தே உலகுக்குக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் கால் புண்கள் நோயால் சதை அழுகுவதால் வருகின்றன என்று அப்போது நம்பினார்கள். நோய் சதையைத் தின்பதில்லை, வலி உணர்வைத்தான் பறிக்கிறது என்று பிராண்ட் கண்டார். உணர்வுள்ளவர் நெடுந்தூரம் நடந்தால், ஓரிடம் நோகத் தொடங்கியதும் தன்னையறியாமல் பாதத்தைத் திருப்பி, பாரத்தை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்கிறார். உணர்வில்லாதவர் முதல் அடியை வைத்தது போலவே ஆயிரமாவது அடியையும் அதே இடத்தில் வைக்கிறார். அந்த இடம் கிழிகிறது. இந்தப் புரிதலிலிருந்துதான் வேலூரிலும் அதையடுத்த கரிகிரியிலும் மெத்தென்ற ரப்பர் செருப்புகள் செய்து கொடுத்தார்கள். வலி என்பது நடையை ஓயாமல் திருத்திக்கொண்டே வரும் ஏற்பாடு என்பதை அவர் கடைசிவரை எழுதினார், பேசினார்.

பந்தலில் பையிலிருந்து எடுத்த மாத்திரையை இப்போது நினைத்துப் பாருங்கள். 2006-ல் டென்மார்க்கில் ஹென்ரிக்சன் குழு, முட்டிவலி உள்ளவர்களின் மூட்டில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி நடக்கவிட்டது. வலி குறைந்தது, முழங்காலில் விழும் சுமை கூடியது. வலி இருந்தபோது காலை மெதுவாக, ஜாக்கிரதையாக வைத்தவர்கள் இப்போது தாராளமாக ஊன்றினார்கள். இதற்காக வலி மாத்திரையே கூடாது என்று சொல்ல முடியாது. தினசரி வாழ்க்கைக்கு அது பலருக்குத் தேவை. ஆனால் முட்டி 'போதும்' என்று சொல்லும் நேரத்தில் அதன் வாயைக் கட்டிவிட்டு இன்னும் இருபது கிலோமீட்டர் நடப்பது வேறு. கூடவே இன்னோர் ஆபத்து: வியர்த்து, தண்ணீர் குறைந்த உடலில் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள வயதானவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

நடையா தேய்க்கிறது?

நடப்பதால்தான் முட்டி தேய்கிறது என்றால், அதிகம் நடந்த முன்னோர்களுக்கு நம்மைவிட அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். ஹார்வர்டின் இயன் வாலஸ் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வு, 50 வயதுக்கு மேல் இறந்த 2,500-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகளைச் சோதித்தது. அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் வாழ்ந்தவர்களில் 16 சதவீதத்தினருக்கு முழங்கால் தேய்மானம். தொழில் யுகத்தின் தொடக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு 6 சதவீதம். வரலாற்றுக்கு முந்தைய மக்களுக்கு 8 சதவீதம். வயதையும் உடல் பருமனையும் கழித்துப் பார்த்தாலும், தொழில் யுகத் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் இன்றைய நோய் இரண்டு மடங்கு. இந்தியாவில் ஐந்து இடங்களில் எடுத்து 2016-ல் வந்த கணக்கெடுப்பு 28.7 சதவீதம் என்றது.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதன் செல்களுக்கு உணவு மூட்டுத் திரவத்திலிருந்துதான் வர வேண்டும். பாரம் விழும்போது குருத்து அழுந்தி நீரை வெளியேற்றுகிறது. பாரம் விலகும்போது திரவத்தை உறிஞ்சுகிறது. அழுந்துவதும் விடுவதும் மாறி மாறி நடந்தால்தான் அது உயிர்ப்போடு இருக்கும். நடை இதைத்தான் செய்கிறது. நாளெல்லாம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தால் அழுத்தம் மட்டும் இருக்கிறது, விடுதலை இல்லை. பெய்ஜிங்கில் நடந்து 2004-ல் வந்த ஆய்வில், இளவயதில் தினமும் நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்தவர்களுக்குப் பின்னாளில் முழங்கால் தேய்மானம் அதிகம் இருந்தது. மண்டியிடுவதும் சுமை தூக்குவதும் சேர்ந்த வேலைகளிலும் இப்படித்தான்.

ஏற்கனவே தேய்மானம் வந்தவர்கள் நடக்கலாமா? அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 1,212 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2022-ல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சியாக நடந்தவர்களுக்கு அடிக்கடி வரும் புது வலி தோன்றும் வாய்ப்பு, நடக்காதவர்களைவிட 40 சதவீதம் குறைவு. எவ்வளவு நடக்க வேண்டும்? நாளுக்கு 6,000 அடி நடப்பவர்களுக்குப் பின்னாளில் நடமாட்டம் முடங்கும் ஆபத்து குறைவு என்கிறது 2014-ல் வந்த இன்னோர் ஆய்வு. பத்தாயிரம் என்ற பிரபலமான எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை.

விரத நாட்களை வீணாக்காமல்

இனி, பந்தலில் கேட்ட அந்த இரண்டு குரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நடக்காமல் கிடந்தால் பிடித்துக்கொள்ளும் என்பது சரி. ஆண்டு முழுக்க நடக்காமல் கிடந்துவிட்டு ஒரே மூச்சில் நாற்பது கிலோமீட்டர் நடந்தால் முட்டி வீங்கும் என்பதும் சரி. திடீர்ப் பாரத்தைத் தாங்கும் தசை ஒரு நாளில் வருவதில்லை, வாரக்கணக்கில் வருகிறது.

நம்மூர் யாத்திரையில் அதற்கான காலம் ஏற்கனவே இருக்கிறது. மாலை போட்டு விரதம் இருக்கும் நாட்கள்தான் அது. உணவிலும் உறக்கத்திலும் அத்தனை கட்டுப்பாடு வைப்பவர்கள், காலையும் மாலையும் கோயிலுக்குப் போகிறவர்கள், அதோடு நடையையும் சேர்த்துக்கொண்டால் போதும். முதல் வாரம் வழக்கமாக நடக்கும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக. வாரத்தில் ஒரு நாள் நெடிய நடை, மறுநாள் ஓய்வு. யாத்திரையில் போடப்போகும் செருப்பிலோ வெறுங்காலிலோ பழகுவது. புதுச் செருப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுவது வேண்டாம்.

நடையோடு இரண்டு பயிற்சிகள். கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் மெல்ல எழுந்து, அதைவிட மெல்ல உட்காருவது, தொடையின் முன்தசைக்கு. ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராக உயர்த்தி இறக்குவது, நடக்கும்போது உடலைச் சாயாமல் பிடிக்கும் இடுப்பின் பக்கத் தசைக்கு. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு, இத்தகைய பயிற்சிகள் நூறு புள்ளி அளவுகோலில் வலியைச் சராசரியாக 12 புள்ளி குறைக்கின்றன என்கிறது. பயிற்சியைப் பார்த்துச் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையாளரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். முட்டி சூடாகி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, ஊன்றவே முடியாமல் போனாலோ, யாத்திரையை வண்டியில் முடிப்பதில் பாவமில்லை.

மருத்துவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. முட்டிவலியோடு வரும் அறுபது வயதுக்காரரிடம் "நடக்காதீங்க" என்று சொல்வது எளிது. அவர் தைப்பூசத்துக்கு நடக்கத்தான் போகிறார். கார்த்திகையிலேயே அவரை வரச்சொல்லி, நடையைப் பின்னாலிருந்து பார்த்து, எந்தக் கையில் தடி, எந்த வாரம் எத்தனை கிலோமீட்டர், எந்த மாத்திரை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் அவர் அதைக் கேட்பார். மாலை கழற்றிய பிறகும் அந்தத் தினசரி நடையை விடாமல் இருந்தார் என்றால், அந்த முழங்காலுக்கு யாத்திரையைவிட அதுவே பெரிய நன்மை. நாளுக்கு நான்கு கிலோமீட்டர் என்றாலும் ஆண்டுக்கு 1,460 கிலோமீட்டர். திருச்செந்தூருக்கு முப்பத்தாறு தடவை நடந்த கணக்கு.